கறுப்பு உடையின் தோள்

அச்சுக்குப் போகும் படங்களில் வண்ணம் திருத்துவது என் வேலை. நிறைய நிறங்கள் இருக்கும் படம்தான் கஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் எங்களை அதிகம் படுத்துவது கறுப்பு. எல் கிரேக்கோவின் ‘மார்பில் கைவைத்த பிரபு’ ஓவியத்தைத் திருத்தியபோதுதான் அது எனக்கு நன்றாகப் புரிந்தது.

மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கும் ஓவியம் அது. கிரீட் தீவில் பிறந்த எல் கிரேக்கோ 1577இல் ஸ்பெயினின் தொலேதோ நகருக்கு வந்தார். 1580 வாக்கில் இதைத் தீட்டினார். கழுத்தைச் சுற்றி வெள்ளை மடிப்புப் பட்டை, பொன்னிற வாள்பிடி, மார்பின்மேல் விரிந்த வலது கை, நம்மை நேராகப் பார்க்கும் கண்கள். மற்றபடி உடை முழுக்கக் கறுப்பு.

அந்தக் கறுப்பு எளிமைக்காக அணிந்தது அல்ல. மன்னர் இரண்டாம் பிலிப் காலத்து ஸ்பெயினில் ஆழ்ந்த கறுப்புத் துணி விலை உயர்ந்தது; மெக்சிகோவிலிருந்து வந்த மரச்சாயம் அதற்கு உதவியது. ஆக, அந்த மனிதரின் செல்வமும் அந்தஸ்தும் உடையில்தான் இருக்கின்றன. அச்சில் அது வெறும் இருட்டாகிவிட்டால் அவரிடமிருந்து பாதியைப் பறித்துவிடுகிறோம் என்றே எனக்குத் தோன்றும்.

எங்களுக்கு வந்தவை இரண்டு படங்கள். ஒன்று பழைய ஸ்லைடு, மற்றது பிற்காலத்து டிஜிட்டல் படம். பழையதில் பின்புலமும் உடையும் ஒரே கறுப்பு. முகமும் கையும் வாள்பிடியும் மட்டும் இருட்டில் மிதந்தன. புதியதில் பின்புலம் சாம்பல். காரணம், 1996இல் பிராடோவில் நடந்த சுத்திகரிப்பு. பழுப்பேறிய வார்னிஷையும் பிற்காலத்தில் பின்புலத்தில் பூசியதையும் நீக்கியபோது சாம்பல் வெளியே வந்தது. ஸ்பெயினில் அதற்குப் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. தலைமுறைகளாகப் பார்த்துப் பழகிய முகமாயிற்றே, அந்தக் கோபம் நியாயமானதுதான்.

எங்கள் பதிப்பாசிரியருக்கும் பழைய இருட்டுதான் பிடித்தது. “வாசகர் மனசில இருக்கறது அதுதானே?” என்றார். நான் இரண்டுக்கும் புரூப் (மாதிரி அச்சு) எடுத்து அருகருகே வைத்தேன். சாம்பல் பின்புலத்தில் உடம்பு தெரிகிறது, தோளின் கோடு தெரிகிறது. இடது தோள் சற்றுத் தாழ்ந்திருக்கிறது. இடது கை கண்ணில் படவே இல்லை. இவர் மோண்டேமயோரின் மார்க்விஸ் என்ற பிரபுப் பட்டம் பெற்ற ஹுவான் டி சில்வாவாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் சொல்கிறார்கள். அதே பெயர் கொண்ட போர்தலெக்ரே பிரபுவாக இருக்கலாம் என்பவர்களும் உண்டு; 1578இல் மொராக்கோவில் நடந்த அல்காசர்கிவிர் போரில் காயம்பட்டவர் அவர். தாழ்ந்த தோளை அந்தக் காயத்தோடு இணைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. மற்றவர்கள் இதை ஏற்கவில்லை. எப்படியானாலும், தோளே தெரியாத அச்சில் வாசகர் இந்தக் கேள்வியை எழுப்பவே முடியாது. அதைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சரி, சாம்பலே இருக்கட்டும்” என்றார்.

அப்புறம்தான் உண்மையான வேலை. அச்சில் பயன்படும் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையையும் அள்ளிப் போட்டால் கறுப்பு அடைத்துக்கொள்ளும். தாள் சீக்கிரம் காயாது, மடிப்புகள் மறையும். ஆர்ட் பேப்பரில் மொத்த மையை (ஒவ்வொரு மையும் நூறு சதவீதம் என்றால் நான்கும் சேர்ந்து 400) 300 சதவீதத்துக்குள் நிறுத்தி, உடைக்குக் கொஞ்சம் நீலச்சாயல் கொடுத்து, பின்புலத்தை வெதுவெதுப்பான சாம்பலில் வைத்தேன். மெஷின் ஓடும்போது பக்கத்திலேயே நின்றேன். “அண்ணே, கறுப்பு மையைக் கூட்டாதீங்க, தோள் தெரியணும்” என்று மெஷின் ஓட்டுபவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டேன். அவரும் லென்ஸை வைத்துப் பார்த்து, தோள் இருந்த பக்கம் மட்டும் மையைக் கொஞ்சம் இறக்கினார்.