மொரிஸ் மைனர் டிபரன்சலுக்கு எந்தக் கியர் ஒயில்?

கடையில் "டிபரன்சல் ஒயில் ஒரு போத்தல்" என்று மட்டும் கேட்டால், லொறிக்குப் போகிற 85டபிள்யூ-140 ஜிஎல்-5 (முந்தினது தடிப்பு, பிந்தினது கியர் ஒயிலின் தரவகை) கைக்கு வந்துவிடலாம். மொரிஸ் மைனர் 1000 காரின் பின் அக்சிலில், எஞ்சின் விசையைச் சில்லுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிபரன்சலுக்கு அது வேண்டாம். நீண்ட நாள் ஓடாமல் நின்ற ஒரு மைனருக்கு ஒயில் தெரிவுசெய்து மாற்றிய வேலையை, அதே வரிசையில் இங்கே எழுதுகிறோம்.

மைனரின் கையேடு கேட்பது ஹைபொயிட் 90. இதில் 90 என்ற இலக்கத்தை விட முந்தின சொல்தான் முக்கியம். ஹைபொயிட் அமைப்பில் பினியன் என்ற சிறிய ஓட்டும் கியர், கிறவுண் வீல் என்ற பெரிய வளையக் கியரின் நடுவுக்கு நேரே இராமல் கீழே தள்ளி இருக்கும். அதனால் பற்கள் உருளுவதோடு ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டும் போகும். அந்த அழுத்தத்தில் வெறும் ஒயில் படலம் நசுங்கி வெளியேறிவிடும். ஈபி (கடும் அழுத்தம் தாங்கும்) ஒயிலில் இருக்கும் கந்தகமும் பொசுபரசும் சூட்டில் உருக்கின் மேற்பரப்போடு வினைபுரிந்து மெல்லிய காப்பு ஒன்றை உண்டாக்கும். அது இல்லாவிட்டால் பல்லும் பல்லும் ஒட்டிப் பிய்ந்துவிடும். எஞ்சின் ஒயில் ஊற்றி ஓட்டிய டிபரன்சல்கள் இப்படித்தான் கெடுகின்றன.

அடுத்து ஜிஎல்-4, ஜிஎல்-5 குழப்பம். ஐந்து நாலை விடப் பெரிது, ஆகவே நல்லது என்று நினைப்பது பிழை. ஜிஎல்-5இல் ஈபி சேர்க்கை ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதன் அடிப்படையான அமெரிக்க இராணுவத் தரம் வந்தது 1962இல். மைனர் வெளிவந்தது 1948இல். அந்தக் காலத்து ஹைபொயிட் 90-க்கு நெருக்கமானது இன்றைய ஜிஎல்-4 ஈபி 90தான். டிபரன்சலுக்குள் சிறிய கியர்களின் முதுகில் செப்புக் கலவை வாஷர்கள் உண்டு. வீரியமான கந்தகம் சூட்டில் செம்பைக் கறுக்க வைத்து அரிக்கும். இப்போதைய தரமான ஜிஎல்-5 ஒயில்களில் இந்தக் குறை பெரிதும் தணிக்கப்பட்டிருக்கிறது. ஏற்கெனவே ஊற்றியவர்கள் இரவோடு இரவாகக் கழற்றி வடிக்க வேண்டியதில்லை. ஆனாலும் மைனரின் சிறிய எஞ்சின் தருகிற சுமைக்கு ஜிஎல்-4 தாராளமாகப் போதும்.

மிஞ்சிய ஒயிலைக் கியர் பொக்ஸுக்குள் ஊற்றிவிடாதீர்கள். மைனரின் கியர் பொக்ஸ் கேட்பது எஸ்ஏஈ 30 எஞ்சின் ஒயில். தடித்த கியர் ஒயில் போனால் கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்ரோ வளையங்கள் நேரத்துக்குப் பிடிக்காது, கியர் கரகரக்கும்.

தடிப்பைப் பற்றி: யாழ்ப்பாணத்து வெப்பத்தில் 90-உம் 80டபிள்யூ-90-உம் ஒன்றுதான். 80டபிள்யூ என்பது கடுங்குளிருக்கான கணக்கு. 100 பாகை சூட்டில் 90இன் பாகுநிலை 13.5 முதல் 18.5 சென்ரிஸ்ரோக் வரை. 140 தொடங்குவதே 24இல். தேய்ந்த டிபரன்சலின் ஊளைச் சத்தம் 140 ஊற்றினால் குறையும், உண்மை. தேய்மானம் குறையாது, காதுக்கு எட்டாமல் போகும், அவ்வளவுதான்.

போத்தலில் சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. வயரில் இருந்து ஒரு செப்புக் கம்பியை உருவி, நுண்ணிய மண்தாளால் மினுங்கத் தேய்த்து, சிறு கண்ணாடிக் குப்பியில் ஒயிலுக்குள் அமிழ்த்தி, கொதிநீரில் மூன்று மணித்தியாலம் நிறுத்துங்கள். ஒயிலுக்குள் தண்ணீர் தெறிக்கக்கூடாது. ஆய்வுகூடத்தில் இதை 121 பாகையில் செய்வார்கள், ஆகவே வீட்டுச் சோதனை கொஞ்சம் மென்மையானது. அதிலேயே கம்பி கறுத்தால் அந்த ஒயில் வேண்டாம். இலேசாகச் செம்மஞ்சள் ஏறினால் பயமில்லை. பீப்பாவிலிருந்து அளந்து தருகிற உதிரி ஒயிலை இந்தச் சோதனைக்குக்கூட வாங்காதீர்கள்.

வடிக்க முன்னர் ஓடக்கூடிய காரானால் 10 கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓட்டுங்கள். பண்ணைப் பாலம் தாண்டி வேலணை வரை போய்த் திரும்பினால் ஒயில் நன்றாக இளகிவிடும். முதலில் கழற்ற வேண்டியது மேலே இருக்கும் நிரப்பும் பிளக். வடித்து முடித்த பிறகு அது துருவில் இறுகி வராவிட்டால் கார் அசையாது. சுற்றியுள்ள செம்மண்ணைக் கம்பித் தூரிகையால் தேய்த்தெடுத்து, முதல் நாள் இரவே துரு இளக்கி அடித்து வைத்ததால் எங்களுக்கு இலகுவாக வந்தது.

வடிந்தது கறுப்பாக இல்லை, பால்கோப்பி நிறம். தண்ணீர் கலந்த அடையாளம் அது. இரண்டு விரலுக்கிடையில் தேய்த்து வெயிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். சாம்பல் பசை சாதாரணத் தேய்மானம். பொன்னிறத் துகள் மினுங்கினால் வாஷர் தேய்கிறது. நகத்தில் தட்டுப்படும் உருக்குச் சில்லு வந்தால் ஒயில் பேச்சை விட்டுவிட்டு டிபரன்சலை இறக்க வேண்டும். இதில் சாம்பல் பசை மட்டுமே இருந்தது.

மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவலாமே என்று பலர் கேட்பார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் காரையே மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. கை அங்கே போவது இயல்பு. ஆனால் அக்சில் குழாய்களுக்குள் தேங்குவது முழுதாக வடியாது, புது ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். அதே ஜிஎல்-4 ஒயிலை நிரப்பி, 500 கிலோமீற்றர் ஓட்டி, மறுபடி வடிப்பதே சுத்தமான வழி.

கொள்ளளவு ஒன்றரை பைந்து, 0.85 லீற்றர். போத்தலை அரை மணித்தியாலம் வெயிலில் வைத்தால் கைப்பம்பில் இலகுவாக ஏறும். கார் மட்டமாக நிற்க வேண்டும். பின்பக்கத்தை மட்டும் ஜக்கில் தூக்கினால் மட்டம் பொய் சொல்லும். பிளக் ஓட்டையின் கீழ் விளிம்பில் வழிந்ததும் நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு, இறங்கியதை மீண்டும் நிரப்புங்கள். அரை லீற்றரிலேயே வழிந்தால் கார் சரிந்து நிற்கிறது, அல்லது பழைய ஒயில் உள்ளே கிடக்கிறது.

தண்ணீர் எப்படி உள்ளே போனது? அக்சிலின் மேலே மூச்சுத் துவாரம் ஒன்று உண்டு. மாரி மழையில் சூடான டிபரன்சல் வெள்ளத்துக்குள் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, துவாரத்தாலோ தேய்ந்த சீலாலோ தண்ணீரை இழுக்கும். மாறாக, துவாரம் மண்ணில் அடைபட்டால் உள்ளழுத்தம் ஒயிலை ஹப் சீல் வழியே பிறேக் ட்ரம்முக்குள் தள்ளும். மட்டத்துக்கு மேல் நிரப்பினாலும் அதே கதிதான். பிறேக் சூவில் ஒயில் பட்டால் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். இந்த மைனரின் துவாரத்தை மெல்லிய கம்பியால் குத்தித் திறந்தோம். கார்த்திகை, மார்கழியில் வெள்ளத்துக்குள் இறங்கிய கார் என்றால் மறுநாளே நிரப்பும் பிளக்கைத் திறந்து, விரல் விட்டு நிறம் பாருங்கள்.