நடுக்கத்துக்கு முன்பே வந்தவை

அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய் என்று நரம்பியல் மருத்துவர் உறுதி செய்தபோது, அவருடைய வலது கை விரல்கள் நடுங்கத் தொடங்கி ஏழு மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஆனால் மருத்துவர் அந்தக் கையைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. மலச்சிக்கல் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது, வாசனை தெரிகிறதா, தூக்கத்தில் கத்துவாரா, கைகால்களை வீசுவாரா என்று அவர் கேட்கக் கேட்க, அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். எங்களிடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது. மலச்சிக்கலுக்கு வயது, மூக்குக்குப் பழைய சளித்தொல்லை, இரவுக் கூச்சலுக்குக் கெட்ட கனவு.

அந்த இரவுகளைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கனவு மிகுந்து வரும் 'ரெம்' உறக்கத்தின்போது மூளைத்தண்டு தசைகளைச் செயலற்றுக் கிடக்கச் செய்துவிடுவதால், கனவில் எவ்வளவு ஓடினாலும் கட்டிலில் நம் கால் அசைவதில்லை. அந்தக் கட்டுப்பாடு பழுதாகும்போது கனவில் செய்வதையெல்லாம் உடலும் செய்யத் தொடங்குகிறது. ஒரு நாள் அப்பா கட்டிலிலிருந்து விழுந்து புருவத்தைக் கிழித்துக்கொண்டார். எழுப்பிக் கேட்டபோது, நாய் ஒன்று பாய்ந்ததாகவும் அதைத் தாம் எட்டி உதைத்ததாகவும் தெளிவாகச் சொன்னார். 1986-இல் தனிக் கோளாறாக வரையறுக்கப்பட்ட இந்நிலை, வேறு காரணம் ஏதுமின்றி நடு வயதுக்குப் பிறகு தொடங்கினால், அது வந்தவர்களுள் பெரும்பாலோருக்குப் பல ஆண்டுகள் கழித்துப் பார்க்கின்சன் நோயோ அதற்கு நெருங்கிய வேறொரு நரம்பு நோயோ வருகிறது. அப்பா கைகால்களை வீசத் தொடங்கியது, விரல் நடுங்குவதற்குப் பத்தாண்டுகள் முன்னதாக.

வாசனை குறைந்ததை நாங்கள் கவனித்ததுகூடத் தற்செயல்தான். இஸ்திரிப் பெட்டியின் அடியில் சட்டை கருகி வீடெங்கும் நெடி பரவியபோது, அதன் அருகிலேயே அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

இவையெல்லாம் ஏன் முந்திக்கொள்கின்றன? நரம்பணுக்களில் இயல்பாகவே உள்ள ஆல்ஃபா சைனூக்ளின் என்னும் புரதம் உரு மாறி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிறது. நரம்பியலாளர் ஃபிரெடெரிக் லூயி 1912-இல் விவரித்த திரள்கள் பெரும்பாலும் இப்புரதத்தால் ஆனவை என்பது 1997-இல்தான் தெரியவந்தது. அத்திரள்கள் முதலில் வாசனையை அறியும் நரம்பு மையத்திலும், குடலுக்குச் செல்லும் வேகஸ் நரம்பு தொடங்குமிடத்திலும் தோன்றி, அங்கிருந்து மூளைத்தண்டின் வழியே மேலேறி, உடல் அசைவுகளைச் சீராக்கும் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் சப்ஸ்டான்ஷியா நைக்ரா பகுதியைப் பிறகே அடைகின்றன என்று 2003-இல் ஜெர்மானிய உடற்கூறியலாளர் ஹைக்கோ பிராக்கும் அவருடைய குழுவினரும் முன்வைத்தனர். எல்லா நோயாளிகளுக்கும் இந்த வரிசை பொருந்துவதில்லை, அப்பாவுக்குப் பொருந்துகிறது. கை நடுங்கும் நேரத்தில் அப்பகுதியின் டோபமின் அணுக்களில் ஏறத்தாழப் பாதி அழிந்திருக்கும் என்பது பரவலான மதிப்பீடு.

திரள் ஏன் உண்டாகிறது என்பதற்கு ஒற்றை விடை இல்லை. முதுமையே முதற்காரணம், எல்ஆர்ஆர்கே2, ஜிபிஏ ஆகிய மரபணுக்களின் பிறழ்வுகள் சிலரிடம் பங்கு வகிக்கின்றன, பாராகுவாட், ரோட்டினோன் போன்ற பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி நஞ்சுகளுடன் பழகியவர்களிடம் நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. 1982-இல் கலிபோர்னியாவில் கலப்படப் போதைமருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்ட சில இளைஞர்கள் பார்க்கின்சன் நோயாளிகளைப் போலத் திடீரென அசைய முடியாமல் உறைந்துபோனார்கள். அதிலிருந்த எம்பிடிபி என்னும் வேதிப்பொருள், டோபமின் அணுக்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவை முடக்கியிருந்தது. கவலைப்பட்டுக் கவலைப்பட்டே அப்பா இதை வரவழைத்துக்கொண்டார் என்று உறவினர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

ஆனால் மனம் இதில் சம்பந்தப்படாமலும் இல்லை. நோய் உறுதியாவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அவர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பது அம்மாவின் மனக்குறை. முகத்தசை விறைத்ததால் உணர்ச்சி வெளியே தெரியாமல் போனது ஒரு பாதி. மூளைத்தண்டில் மனநிலையைப் பேணும் செரட்டோனினும் நார்அட்ரினலினும் சுரக்கும் அணுக்களும் அழிவதால் வந்த மனச்சோர்வும் ஈடுபாடின்மையும் மறுபாதி. அந்த இரண்டு ஆண்டுகள் அம்மா அவரிடம் போட்ட சண்டைகளை நினைத்தால் இருவருக்காகவும் வருத்தமாக இருக்கிறது. ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் எழுதிய கட்டுரையில் புலன்களும் அறிவும் பாதிக்கப்படுவதில்லை என்றார். அவர் கண்டது ஆறே பேரை, அவர்களுள் சிலரைத் தெருவில்தான். மலச்சிக்கலையும் தூக்கக் கேட்டையும் அவரே குறித்துவைத்திருப்பதுதான் வியப்பு.

மூளையில் டோபமினாக மாறும் லீவோடோபா மாத்திரை அப்பாவின் விறைப்பையும் மந்தத்தையும் நன்றாகவே குறைத்திருக்கிறது. மூக்குக்கும் குடலுக்கும் அது பெரிதாக உதவவில்லை. எழும்போது நோயாலேயே இறங்கும் இரத்த அழுத்தத்தை அது மேலும் இறக்கவும் செய்கிறது. படுத்திருக்கையில் 138 காட்டும் கருவி, எழுந்து நின்ற மூன்றாவது நிமிடத்தில் 104 காட்டுகிறது. இருபது குறைந்தாலே கவனிக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். எனவே இப்போது அப்பா கட்டில் விளிம்பில் அமர்ந்து, பாதங்களை மேலும் கீழுமாக அசைத்து, நூறு வரை எண்ணிய பிறகே எழுகிறார். எண்பதைத் தாண்டியதும் அவசரப்படுவார், அம்மா விடுவதில்லை.