பழைய பிக்கப்பில் பிரேக் வேலை: பெடல் ஏன் இறங்குகிறது?

மூன்று வாரமாக இழுத்துக்கொண்டிருந்த வேலை ஏறக்குறைய முடிந்தது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள வண்டி. பெடல் பாதிக்கு மேல் இறங்கிய பிறகுதான் பிரேக் பிடிக்கும், ஆனால் உடனே இன்னொரு மிதி மிதித்தால் மேலேயே நின்றுவிடும். லைனில் காற்றுதான் என்று முடிவு கட்டி, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் பாகம்) அதிக தூரத்தில் இருக்கும் பின்சக்கரத்தில் தொடங்கி நான்கிலும் ஏர் எடுத்தேன். ஒரு குமிழி கூட வரவில்லை. வந்த ஆயில்தான் கறுத்துப்போய் இருந்தது, அதனால் அந்த உழைப்பு வீண் இல்லை. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறியதற்கோ வரம்பே 140தான். பாரம் ஏற்றி இறக்கத்தில் வரும் வண்டிக்கு இந்த வித்தியாசம் பெரிது.

அப்புறம் பின் டிரம்மைக் கழற்றினேன். காரணம் அங்கே இருந்தது. டிரம்மின் உள்பக்கம் உரசிப் பிடிக்கும் ஷூவைத் தானாகத் தள்ளிக் கொடுக்க வேண்டிய அட்ஜஸ்டர் இரண்டு பக்கமும் துருப்பிடித்து இறுகியிருக்க, ஷூவின் மேலுள்ள லைனிங் தேயத் தேய டிரம்முக்கும் அதற்கும் இடைவெளி கூடி, முதல் மிதி முழுக்க அந்த இடைவெளியை அடைக்கவே போயிருக்கிறது. ஆயில் அழுத்தத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கிப் பார்த்தால் உள்ளே ஆயில் கசிந்த ஈரம். இரண்டு சிலிண்டரையும் மாற்றினேன், ஆயில் ஊறிய ஷூவைக் கழுவிப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்பதால் ஷூவும் ஜோடியாகப் புதிது. திரும்ப ஏர் எடுத்து, டிரம் லேசாக உரசும் வரை அட்ஜஸ்டரைத் திருப்பினேன்.

பெடல் உயரத்துக்கு வந்துவிட்டது. ஆனால் இன்ஜின் ஓட, காலை லேசாக அழுத்தி வைத்தால் மெதுவாக இறங்கிக்கொண்டே போகிறது! எங்கும் ஒழுகல் இல்லை, டப்பாவில் அளவும் குறையவில்லை. அப்படியென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ஆயில் சீலைத் தாண்டிப் பின்னால் போகிறது. ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரை மிதித்தேன். வருஷக்கணக்கில் சீல் போகாத, அழுக்கும் அரிப்பும் சேர்ந்த பகுதியில் அது உரசிக் கிழிந்திருக்க வேண்டும். பழைய வண்டி என்றால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டு ஏர் எடுங்கள், தயவுசெய்து. புது மாஸ்டர் சிலிண்டரை வைஸில் பிடித்து, காற்றை முழுக்க வெளியேற்றிய பிறகே வண்டியில் மாட்டினேன். இப்போது பெடல் அசையாமல் நிற்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி: பாரத்துக்கேற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும், பின் ஆக்சிலோடு இணைந்த லோடு சென்சிங் வால்வின் கம்பி அசைய மறுக்கிறது. அதன் நீளத்தை அளந்து குறித்துவைத்தாயிற்று, அடுத்து அதைக் கழற்ற வேண்டும்.