ஒன்பது கட்டக் குயில்ட்: இதுவரை நடந்த வேலை

உட்கார்ந்திருக்கும்போது மடியில் போர்த்திக்கொள்ளும் அளவில், 48-க்கு 60 இஞ்சில் ஒரு குயில்ட் தைத்துக்கொண்டிருக்கிறேன். மேல் துணி முழுதாக இணைந்துவிட்டது. மேல் துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி என்று மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பது பாதியைத் தாண்டிவிட்டது. ஓரப்பட்டி இன்னும் தொடவில்லை.

மாலையில் எனக்குக் கிடைப்பது அரை மணி, மிஞ்சிப்போனால் முக்கால் மணி. அதனால் டிசைன் எடுக்கும்போது அழகைவிட, எந்த இடத்தில் நிறுத்தினாலும் மறுநாள் யோசிக்காமல் தொடர முடியுமா என்றுதான் பார்த்தேன். ஒன்பது கட்டம் அதற்குத் தோது. இரண்டரை இஞ்ச் சதுரம் ஒன்பது சேர்ந்தால் ஒரு பிளாக். தனியாக இருக்கும்போது அது ஆறரை இஞ்ச், மற்ற பிளாக்குகளோடு இணைத்து முடிந்தபின் ஆறு இஞ்ச். ஒன்பது கட்டமும் வெற்றுச் சதுரமும் மாறி மாறி வைத்தால், மொத்தம் 80 பிளாக்கில் 40-க்குத்தான் துண்டு சேர்க்க வேண்டும். முக்கோண டிசைன்கள் மேல் ஆசை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இழைக்குச் சாய்வாக வெட்டிய ஓரம் கை பட்டாலே இழுபடும். களைத்துப்போய் உட்காரும் நேரத்தில் அதோடு மல்லுக்கட்ட முடியாது.

துணி பாதி பழைய காட்டன் சட்டைகள், பாதி புதுசு. புதுத் துணியைத் துவைக்காமலே தைத்து, முடித்தபின் துவைத்து, அந்தச் சுருக்கங்களோடு வைத்துக்கொள்வது பலருக்குப் பிடிக்கும். எல்லாமே புதுத் துணி என்றால் நானும் அப்படித்தான் செய்வேன். இங்கே பழைய சட்டை ஏற்கெனவே சுருங்கி முடித்தது. புதிய காட்டன் இனிமேல்தான் சுருங்கப்போகிறது. இரண்டையும் அப்படியே இணைத்தால் முதல் சலவையில் ஒன்று மற்றொன்றை இழுக்கும். ஆகவே எல்லாவற்றையும் முதலிலேயே துவைத்தேன். சிவப்பையும் கருநீலத்தையும் தனியாக, தண்ணீரில் சாயம் தெரியாத வரை அலசினேன். துவைத்த துணி தளர்ந்து நழுவும் என்பதால் வெட்டும் முன் கஞ்சி ஸ்ப்ரே அடித்து இஸ்திரி போட்டுக்கொண்டேன். சட்டைகளில் முதுகுப் பகுதிதான் லாபம். காலரும் பாக்கெட்டும் இருக்கும் இடங்களில் சதுரம் தேறாது.

சதுரங்களைத் தனித்தனியாக வெட்டவில்லை. இரண்டரை இஞ்ச் பட்டை மூன்றை நீளவாக்கில் தைத்து, இஸ்திரி போட்டு, பிறகு குறுக்கே இரண்டரை இஞ்சுக்கு ஒன்றாக வெட்டினால் மூன்று கட்ட வரிசை தயாராக வந்துவிடும். நாற்பது பிளாக் என்பது கேட்கும்போது பயமுறுத்துகிற அளவுக்கு வேலை வைக்காது.

தையலுக்கு உள்ளே விடும் துணி கால் இஞ்ச். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒவ்வொரு தையலும் 1/16 இஞ்ச் கூடுதலாக உள்ளே போனால், இரண்டு பக்கத் துணியிலும் சேர்த்து 1/8 குறையும். ஒன்பது கட்டத்துக்குள் இரண்டு தையல், ஆக ஆறரை இஞ்ச் வர வேண்டிய பிளாக் ஆறேகாலில் நிற்கும். பக்கத்து வெற்றுச் சதுரத்தோடு அது எப்படிப் பொருந்தும்? துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபூட்டின் விளிம்பை நம்பாமல், ஊசியிலிருந்து அளந்து மெஷின் மேல் டேப் ஒட்டிவிட்டேன்.

இந்த வேலையில் தையலைவிட அதிக நேரம் தின்பது இஸ்திரிப் பெட்டி. அப்படித் தின்னவும் வேண்டும். இஸ்திரியைத் தேய்க்காமல் அழுத்தி அழுத்தி எடுத்தால் துணி கோணாது. தையல் ஓரத்தை அடர்நிறப் பக்கம் மடித்தால் வெளிர்நிறத் துணி வழியாக நிழல் தெரியாது. ஒரு வரிசையின் ஓரங்கள் ஒரு பக்கமும் அடுத்த வரிசையின் ஓரங்கள் எதிர்ப்பக்கமும் மடிந்திருந்தால், இணைக்கும்போது மூலைகள் தாமாகவே கொக்கி போட்டதுபோல் உட்காரும். குண்டூசிகூட அதிகம் தேவைப்படவில்லை.

உள்ளே வைக்க காட்டன் பேட்டிங், அதாவது நடு அடுக்குக்கான பஞ்சு விரிப்பு. பாலியஸ்டர் எடை குறைவு, உப்பலாகவும் தெரியும். ஆனால் எனக்குத் தட்டையாக, துணியோடு ஒட்டிக் கிடப்பதுதான் பிடிக்கும். அடித்துணியை நாலு பக்கமும் நாலு இஞ்ச் கூடுதலாக விட்டு, தரையில் டேப் போட்டு இழுத்து ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாக ஊக்கு குத்தினேன். ஸ்ப்ரே பசை சீக்கிரம் முடியும்தான், அந்த நெடி எனக்கு ஆகாது. இடுப்பு வலிக்கிற வேலை இது ஒன்றுதான்; இதை மட்டும் விடுமுறை நாளுக்கு ஒதுக்கினேன்.

இப்போது மெஷினில், எல்லா அடுக்கையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபூட் போட்டு, பிளாக்குகளின் மூலைக்கு மூலை சாய்கோடுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. தையல் நீளம் 3 மில்லிமீட்டர். கோடுகளுக்கு இடையே நாலு இஞ்சுக்குச் சற்று மேல் வருகிறது. நான் வாங்கிய பேட்டிங்கின் உறையில் எட்டு இஞ்ச் வரை போகலாம் என்று இருப்பதால் நடுவில் கூடுதல் கோடு போடவில்லை. நடுக்கோட்டில் ஆரம்பித்து ஓரத்தை நோக்கிப் போகிறேன். குயில்ட்டின் கனம் மேஜையிலிருந்து தொங்கினால் தையல் இழுபட்டுச் சின்னதாகிறது, அதனால் இடது பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டு அதன் மேல் தாங்கவைக்கிறேன்.

ஓரப்பட்டிக்குக் கணக்கு போட்டாயிற்று. சுற்றளவு 216 இஞ்ச், மூலைக்கும் இணைப்புக்கும் பத்துப் பன்னிரண்டு இஞ்ச் கூடுதல். 42 இஞ்ச் அகலத் துணியில் இரண்டரை இஞ்ச் பட்டை ஆறு வெட்டினால் போதும். ஓரம் நேராக இருப்பதால் சாய்வாக வெட்டும் க்ராஸ் பட்டி தேவையில்லை. துணிதான் முடிவாகவில்லை: கருநீலமா, சட்டையில் மிஞ்சிய கோடு போட்டதா? கோட்டுத் துணி என்றால் சின்னத் துண்டுகளாக நிறைய ஒட்டுப் போட வேண்டிவரும். அநேகமாகக் கருநீலம்தான்.