சவேரியார் வீட்டுக்கு எட்டு கிலோமீட்டர்

எங்கள் தெருவில் "சவேரி" என்று கூப்பிட்டால் நாலு தலை திரும்பும். நாகர்கோவில் கோட்டாற்றுப் பக்கம் பிறந்தவனுக்கு அது புனித பிரான்சிஸ் சவேரியார் பெயர் என்பதற்கு முன்னால் பெரியப்பா பெயர், எதிர்வீட்டு அண்ணன் பெயர். அது ஓர் ஊரின் பெயர், அந்த ஊருக்கு நடந்தும் போகலாம் என்பதெல்லாம் நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்கு உறைத்தது. ஸ்பெயினின் வடக்கே, நவார்ரா பகுதியில் இருக்கிறது அந்த ஊர். அங்கே 'ஹவியேர்' என்கிறார்கள். 'எட்செபெர்ரி' என்ற பாஸ்க் சொல்லிலிருந்து வந்த பெயராம். பொருள்: புது வீடு.

மார்ச் மாதம் போனேன், தவக்காலம். அந்த மாதத்தில் நவார்ரா மக்கள் ஊர் ஊராகக் கிளம்பிச் சவேரியார் பிறந்த கோட்டைக்கு நடக்கிறார்கள். 'ஹவியேராதா' என்று பெயர். 1885-இல் காலரா வந்தபோது சவேரியாரிடம் வேண்டிக்கொண்டு, பிழைத்தவர்கள் மறுவருஷம் கூட்டமாக நடந்துபோய் நன்றி சொன்னதில் தொடங்கியது. நேர்ச்சை என்ற சொல்லை அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பாம்ப்லோனாவில் இறங்கினால் எல்லோரும் காளை ஓட்டத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் தேடியது வேறு. 1521-இல் அந்த நகரத்துக் கோட்டையை, நவார்ராவைப் பிடித்திருந்த காஸ்டீலியப் படைக்காகக் காத்து நின்றபோதுதான், பின்னாளில் இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியாரின் காலில் பீரங்கிக் குண்டு பட்டது. எதிர்த்தரப்பில், நவார்ராவுக்காகச் சண்டை போட்டவர்கள் சவேரியாரின் அண்ணன்மார். பின்னால் பாரீசில் அந்த இஞ்ஞாசியாரும் அந்த அண்ணன்மாரின் கடைக்குட்டித் தம்பி சவேரியாரும் ஒரே அறையில் தங்கிப் படித்தார்கள். முதலில் கொஞ்ச காலம் முறைத்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பாம்ப்லோனாவிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நடப்பவர்கள் உண்டு. என் முழங்காலுக்கு அது ஆகாது. பேருந்தில் சங்குவேசா போய், கடைசி எட்டு கிலோமீட்டரை மட்டும் நடப்பது என்று முடிவு செய்தேன்.

சங்குவேசா, அரகோன் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். பாலத்தைத் தாண்டியதும் சாந்தா மரியா லா ரியால் கோயில். அதன் தெற்கு வாசலுக்கு முன்னால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் நின்றிருப்பேன். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கல்வேலை. மேலே பொதுத்தீர்வை நாள். ஒரு பக்கம் நல்லவர்கள் வரிசையாக நிற்கிறார்கள், மறுபக்கம் கெட்டவர்களைப் பேய்கள் இழுத்துப்போகின்றன. வாசலின் இடப்புறத் தூண்களில் மூன்று மரியாக்கள். அவர்களில் மாதா கையிலிருக்கும் புத்தகத்தில் 'லெயோதெகாரியுஸ் என்னைச் செய்தான்' என்று லத்தீனில் வெட்டியிருக்கிறது. சிற்பி தன் பெயரை மாதா கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்!

வலப்புறம் இராயப்பர் (பேதுரு), சின்னப்பர் (பவுல்), அவர்களுக்குப் பக்கத்தில் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ். அப்போஸ்தலர்களுக்குச் சமமாக ஒரு தூண் அவனுக்கும். ஆனால் கழுத்தில் கயிறு, கீழே தொங்கும் கால்கள். பூசைக்கு வந்தவர்கள் எண்ணூறு வருஷமாக இவனைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் தேடினால் வடதேசத்துப் புராணக் கதையிலிருந்து, பறவைநாகத்தை (டிராகனை) குத்திக் கொல்லும் வீரன் சிகுர்துகூட அகப்படுவான். மாதா கோயிலில் அவனுக்கு என்ன வேலை? அப்போஸ்தலர் சந்தியாகப்பர் (யாக்கோபு) கல்லறைக்குப் போகும் பழைய யாத்திரைப் பாதை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. நடந்துபோனவர்கள் யாராவது அந்தக் கதையைக் கொண்டுவந்திருக்கலாம். நம் கோயில் தூண்களில் சாமிக்குப் பக்கத்திலேயே குரங்கையும் யாளியையும் வெட்டி வைத்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை.

மதியத்துக்குமேல் சிலுவைப்பாதை கிளம்பியது. இயேசு சிலுவை சுமந்த வழியைப் பதினான்கு நிலைகளாக நினைத்து, நின்று நின்று செபித்தபடி நடப்பது அது. முன்னால் சிலுவை, பின்னால் கல்லூரிப் பிள்ளைகள், தள்ளுவண்டியில் குழந்தைகள், கைத்தடியோடு பாட்டிமார். இன்னும் பச்சையாக இருந்த கோதுமை வயல்களுக்கு நடுவே சாலை ஏறி இறங்கியது. காற்று ஊசியாகக் குத்தியது. மொழி தெரியாவிட்டாலும் எத்தனையாவது நிலை என்பது தெரிந்தது. எல்லோரும் நிற்கும்போது நின்றேன், முனகும்போது முனகினேன், தமிழில். புதுச் செருப்பு வாங்கி வந்தது என் மடத்தனம். ஆறாவது நிலைக்குள் குதிகாலில் கொப்புளம் வந்துவிட்டது.

கடைசி ஏற்றத்தைத் தாண்டியதும் கோட்டை. படத்தில் பார்த்ததைவிடச் சின்னதுதான். இன்று நிற்பதில் நிறைய பகுதி 1890-களுக்குப் பிறகு எடுத்துக் கட்டியது. பழையதை இடித்த கதையை அங்கேதான் முழுதாகப் புரிந்துகொண்டேன். 1512-இல் நவார்ராவைக் காஸ்டீல் பிடித்தது. 1515-இல் சவேரியாரின் தகப்பனார் இறந்தார். அடுத்த வருஷம், இந்தக் குடும்பம் தலையெடுக்கக் கூடாது என்று கோபுரங்களை இடிக்க உத்தரவு வந்தது. அப்போது சவேரியாருக்குப் பத்து வயது. சொந்த வீட்டுக் கல் ஒவ்வொன்றாகச் சரிவதைப் பார்த்த பையன்தான், பின்னாளில் நம் கடற்கரையில் மணப்பாட்டுக் குகையில் தங்கினார்.

உள்ளே ஒரு சிறு கோபுர அறையில் பாடுபட்ட சுரூபம், சிலுவையில் தொங்கும் இயேசுவின் சிலை. வால்நட் மரத்தில் செய்தது. முகத்தில் சிரிப்பு. பெரிய சிரிப்பில்லை, உதட்டோரத்தில் மட்டும். சுற்றிலும் சுவரில் எலும்புக்கூடுகள் ஆட்டம் போடுகின்றன. மரண நடனம் என்ற பழைய ஓவியம் அது. அத்தனை எலும்புகளுக்கு நடுவே சிரித்துக்கொண்டு தொங்குகிறார் ஆண்டவர். சவேரியார் கடைசிப் பாடுகளில் இருந்தபோது இந்தச் சுரூபத்தில் இரத்தம் வேர்த்தது என்று ஒரு நம்பிக்கை உண்டு.

1525-இல் படிக்கக் கிளம்பியவர் இந்த வீட்டுக்குத் திரும்பி வாழ வரவேயில்லை. 1542-இல் கோவா, அதே வருஷம் முத்துக்குளித்துறை. கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, தான் மனப்பாடம் செய்த தமிழில் செபம் சொல்லிக்கொடுத்ததை 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து கடிதமாக எழுதியிருக்கிறார். அவர் தமிழ் எப்படி இருந்திருக்கும்? வழியில் தண்ணீர் கேட்க நான் பேசிய ஸ்பானியம் மாதிரிதான் இருந்திருக்க வேண்டும். சுரூபத்துக்கு முன்னால் 'அருள் நிறைந்த மரியே' சொன்னேன். பக்கத்தில் நின்ற பாட்டி கையிலிருந்த செபமாலையை நிறுத்திவிட்டு, நான் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். டிசம்பர் 3, சவேரியார் இறந்த நாள், எங்கள் மாவட்டத்துக்கே விடுமுறை. எத்தனை வருஷமாகவோ அன்றைக்குக் கோட்டாற்றுத் தேருக்குத் தவறாமல் போகிறவர். வீட்டுக்குள்ளே போனேன் என்று சொன்னதும் கேட்டார்: "அவரு ஆளுங்க யாராவது இப்போ அங்க உண்டுமா மக்களே?"

இல்லை, கோட்டையை இயேசு சபைச் சாமியார்களிடம் கொடுத்துவிட்டார்கள் என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்போ நம்ம வீட்டு சார்பா ஒரு மெழுகுதிரி கொளுத்திட்டு வா."

ஏற்கெனவே ஒன்று கொளுத்தியிருந்தேன். அதைச் சொல்லாமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடியும் உள்ளே போனேன்.