போறணையடியில் கேட்ட பாட்டு

1984 இல், யாழ்ப்பாணத்தில், எங்கள் ஓ.எல். வகுப்புக்குத் தமிழ் படிப்பித்த சேர் ஒருநாள் பாடப்புத்தகத்தை மூடிவிட்டு, மேசை லாச்சியிலிருந்து மெல்லிய தொகுப்பொன்றை எடுத்தார். எம்.ஏ. நுஃமான் தமிழாக்கி 1981 இல் வெளிவந்த பாலஸ்தீனக் கவிதைகள். மஹ்மூத் தர்வீஷின் அடையாள அட்டைக் கவிதையை நின்றபடியே வாசித்தார். ஆமிக்குப் பயந்து, அடையாள அட்டை இல்லாமல் அண்ணாவைச் சந்திவரைக்கும் போக அம்மா விடாத காலம் அது. வகுப்பில் ஒருத்தரும் மூச்சுக் காட்டவில்லை.

1993 இல் கனடாவின் ஸ்காபரோவில், லெபனான்காரர் ஒருவரின் பேக்கரியில் எனக்கு இரவு வேலை. போறணைக்குப் பொறுப்பாயிருந்த பெரியவர் தென் லெபனானைச் சேர்ந்தவர். விடியப்புறம் நாலு மணிக்கு முதல் ரொட்டி உப்பி வரும்போது கசெற் ஒன்றைப் போடுவார். ஊத் என்ற அரபு நரம்பு வாத்தியம் தனியே தொடங்கும்; பிறகு ஓர் ஆண்குரல், அவசரமேயில்லாமல். என்ன பாடுகிறார் என்று ஒருநாள் கேட்டேன். கையிலிருந்த ரொட்டியைத் தூக்கிக் காட்டினார். "அம்மாவின் ரொட்டி, அம்மாவின் கோப்பி. அதுகளுக்கு ஏங்குகிறான்." எழுதியவர் யார் என்று கேட்டால், தர்வீஷ். மாவுக் கையோடு அப்படியே நின்றேன்.

பாடியவர் மார்சேல் ஹலீஃபே. 1950 இல், பெய்ரூத்துக்கு வடக்கே அம்ஷீத் என்ற கடற்கரை ஊரில், கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். பெய்ரூத் தேசிய இசைக்கல்லூரியில் ஊத் பயின்று, அங்கேயே படிப்பித்தார். 1975 இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது, இடதுசாரி என்பதால் சொந்த ஊரிலேயே வெளியில் தலைகாட்ட முடியவில்லை. வீட்டுக்குள் அடைந்திருந்த நாட்களில் துணைக்கு இருந்தவை ஊத்தும் தர்வீஷின் தொகுப்புகளும்தான். கவிஞரை அவர் அப்போது கண்டதுகூட இல்லை. 1976 இல் பாரிஸ் நகரில் பதிவான முதல் இசைத்தட்டு அப்படிப் பிறந்தது. அதே ஆண்டு அல் மயாதீன் இசைக்குழுவைத் தொடங்கினார். போருக்கு நடுவே, குண்டு விழுந்த மண்டபங்களிலும் பாடினார்.

அரசியல் பாட்டென்றால் கோஷம் என்றே நான் நினைத்திருந்தேன். ஹலீஃபே பாடும் ரீட்டா ஒரு காதலி; அவளுக்கும் காதலனின் கண்களுக்கும் நடுவில் ஒரு துப்பாக்கி நிற்கிறது. அவ்வளவுதான். ஒரு பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லியே ஒரு போரை முழுக்கச் சொல்லிவிடுகிறார்.

1995 இல் வந்த இசைத்தட்டில், தன்னை வெறுக்கும் சகோதரர்களைப் பற்றி யூசுப் தகப்பனிடம் முறையிடும் தர்வீஷ் கவிதையைப் பாடினார். கவிதையின் முடிவில் குர்ஆன் வசனமொன்றின் பகுதி வருகிறது. அதை இசையோடு பாடி மதத்தை இழிவுபடுத்தினார் என்று அடுத்த ஆண்டே வழக்கு. அது நின்றுபோய், 1999 இல் மறுபடி உயிர்பெற்றது. அந்த டிசம்பரில் பெய்ரூத் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஒரு வேளை தொழுகையும் தவறவிடாத எங்கள் பெரியவர் செய்தி கேட்ட இரவு கசெற்றின் சத்தத்தைக் கூட்டிவிட்டு மாப் பிசைந்தார். அந்த முகத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. 2005 இல் யுனெஸ்கோ ஹலீஃபேயைச் சமாதானக் கலைஞராக அறிவித்தபோது எனக்கு முதலில் நினைவு வந்தவர் அவர்தான்.

சேரிடமும் அந்தக் குரல் போய்ச் சேர்ந்தது. 1994 இல், ஊருக்குப் போன ஒருவரிடம் கசெற்றின் பிரதியொன்றும், அம்மா பாட்டை நான் தமிழாக்கிய ஒரு தாளும் கொடுத்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் அப்போது மின்சாரம் இல்லை. நாலு மாதம் கழித்துச் சேரின் கடிதம் வந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் வயர் கொடுத்து, மாணவன் ஒருவன் பெடலைச் சுற்றச் சுற்றக் கேட்டாராம். அவன் களைத்த இடங்களில் பாட்டும் இழுபட்டதாம். "மொழி விளங்கேல்லை, ஆனால் விளங்கினது" என்று எழுதியிருந்தார். என் தமிழாக்கத்தில் ஏழு இடங்களில் சிவப்புப் பேனை. 'ஏக்கம்' என்ற சொல் ஒருக்கால் போதும், மூன்று தரம் வேண்டாம் என்றும் ஒரு குறிப்பு.

திருத்தி அனுப்பினேன். அது போய்ச் சேருமுன், 1995 ஒக்டோபரில், போரால் ஊரே இடம்பெயர்ந்துவிட்டது.