8,999 ரூபாய்க்கு போட்ட கிரைண்டர் ஆர்டரும் கன்ஸ்யூமர் கோர்ட்டும்: என் அனுபவம்

எங்கம்மா ஸ்ரீரங்கத்துல வீட்டுலயே மாவு ஆட்டி விக்கிறாங்க, எங்க வீட்டுக்கு அதுதான் சோறு போடுது. 2023 ஜூலைல கிரைண்டர் மோட்டார் போயிடுச்சு, காயில் கட்டிப் பாத்தும் ரெண்டே நாள்ல திரும்ப சூடாகி நின்னுடுச்சு, சரி புதுசே வாங்கிடலாம்னு போன்ல தேடினா, ஆடி ஆஃபர்னு ஒரு பெரிய ஆன்லைன் கடையில 5 லிட்டர் டில்டிங் கிரைண்டர் 8,999 ரூபாய். மேல 18,999ன்னு போட்டு அடிச்சிருக்கு, பக்கத்துலயே பச்சை எழுத்துல 53% தள்ளுபடி. ஜூலை 21, ஆடி முதல் வெள்ளி. அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு முழுக் காசையும் கார்டுல கட்டிட்டேன். ஆர்டர் கன்ஃபர்ம்னு மெயில் வந்துச்சு, மறுநாள் இன்வாய்ஸ் வந்துச்சு, அதுக்கு மறுநாள் பேக் பண்ணியாச்சுன்னு மெசேஜ். அதை நம்பி அம்மா பழைய கிரைண்டரை எடைக்குப் போட்டுட்டாங்க.

25ஆம் தேதி மத்தியானம் ஒத்தை வரியில மெசேஜ், "விலைப் பிழை காரணமாக உங்கள் ஆர்டர் ரத்து செய்யப்பட்டது". சாயங்காலம் அதே பக்கத்துல அதே கிரைண்டர் 16,499.

கஸ்டமர் கேர்ல பேசினேன். ரீஃபண்ட் வந்துரும் மேடம், 300 ரூபாய் கூப்பன் தர்றோம்னாங்க. எனக்கு கூப்பன் வேணாம், கிரைண்டர் வேணும். அம்மா நாலு நாளா மாவு போடல, வழக்கமா வாங்குறவங்க வேற இடம் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. 27ஆம் தேதி கடன் வாங்கி கடைத்தெருவுல அதே அளவு கிரைண்டர் 16,800க்கு எடுத்தோம். அந்த பில்லை பத்திரமா வெச்சேன், பின்னாடி கேஸ்ல எனக்கு உதவினதே அதுதான்.

சொந்தக்காரங்க எல்லாம் "போட்ட விலைக்கு அவன் குடுத்தே ஆகணும், சட்டம் இருக்கு"ன்னாங்க. உக்காந்து படிச்சப்போதான் அது அவ்ளோ நேரா இல்லைன்னு தெரிஞ்சுது. வெப்சைட்ல விலை போடுறது "வாங்க, கேளுங்க"ன்னு கூப்பிடுற மாதிரிதான், நாம ஆர்டர் போடும்போது நாமதான் கேக்குறோம், அவங்க ஏத்துக்கிட்டாதான் ஒப்பந்தம். எப்போ ஏத்துக்கிட்ட மாதிரி ஆகுதுங்கிறதுலதான் சண்டையே. பொருள் கிளம்பினாதான் ஒப்பந்தம்னு அவங்க விதிமுறையில எழுதி வெச்சிருக்காங்க. காசு வாங்கி, இன்வாய்ஸும் போட்டு, பேக்கிங்கும் முடிச்சாச்சே, இது ஏத்துக்கிட்டது இல்லையான்னு நான் கேட்டேன். 1872ஆம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டத்துல 22ஆம் பிரிவு, ஒரு தரப்பு மட்டும் ஒரு விஷயத்துல தப்பா நினைச்சுட்டாங்கங்கிறதுக்காகவே ஒப்பந்தத்தை ரத்து பண்ண முடியாதுன்னு சொல்லுது.

ஆனா தப்புன்னு தெரிஞ்சே வாங்கினா கதை மாறிடும். சிங்கப்பூர்ல 2003ல 3,854 டாலர் பிரிண்டரை 66 டாலர்னு தப்பா போட்டுட்டாங்க, 6 பேர் சேந்து 1,606 பிரிண்டர் ஆர்டர் பண்ணாங்க. இது தப்புன்னு அவங்களுக்குத் தெரியும்னு சொல்லி கோர்ட் அவங்களுக்கு எதிராத்தான் தீர்ப்பு குடுத்துச்சு. ஆனா நம்ம நாட்டுலயே 2014ல ஒடிசால ஒரு சட்ட மாணவர் 190 ரூபாய்க்கு லேப்டாப் ஆர்டர் பண்ணி, கம்பெனி கேன்சல் பண்ணிடுச்சு. 2021ல மாநில நுகர்வோர் ஆணையம் அவருக்கு நஷ்டஈடு, செலவு எல்லாம் சேத்து மொத்தம் 45,000 ரூபாய் குடுக்கச் சொல்லுச்சு. இதைப் படிச்சதுக்கு அப்புறம்தான் பொருளைக் குடுன்னு நிக்கிறதை விட நஷ்டத்தைக் குடுன்னு கேக்குறதுதான் எனக்கு சரியான வழின்னு முடிவு பண்ணேன்.

முதல்ல அந்த ஆன்லைன் கடையோட குறைதீர் அலுவலருக்கு மெயில். 2020 இ-காமர்ஸ் விதிகள் படி 48 மணி நேரத்துல புகார் கிடைச்சுதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கணும். கிடைச்சுதுன்னு பதில் வந்துச்சு, தீர்வு வரல. அடுத்து 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், அங்க ரொம்ப பொறுமையா கேட்டு டாக்கெட் நம்பர் (புகார் எண்) குடுத்தாங்க, ஆனா அவங்க கம்பெனிக்கு அனுப்பி பேசி முடிக்கத்தான் பாப்பாங்க, உத்தரவு போட முடியாது. "ரீஃபண்ட் குடுத்தாச்சு"ன்னு கம்பெனி பதில் போட்டு மூடிட்டாங்க. அப்புறம் நானே நோட்டீஸ் எழுதி, ஆன்லைன் கடைக்கு ஒண்ணு, இன்வாய்ஸ்ல இருந்த விற்பனையாளர் அட்ரஸுக்கு ஒண்ணு, ரிஜிஸ்டர் தபால்ல அக்னாலெட்ஜ்மென்ட் கார்டோட அனுப்பி 15 நாள் டைம் குடுத்தேன். ரெண்டு கார்டும் கையெழுத்தோட திரும்பி வந்துச்சு, பதில் மட்டும் வரல.

அக்டோபர்ல இ-தாக்கில்ல, அதாவது நுகர்வோர் ஆணையத்துக்கு ஆன்லைன்லயே புகார் போடுற தளத்துல, புகார் பதிஞ்சேன் (இப்போ 2025லேருந்து அதுக்குப் பதிலா இ-ஜாக்ரிதி வந்துடுச்சு). நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம், கம்பெனி எந்த ஊர்ல இருந்தாலும் சரி. 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்ல. ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடணும். நோட்டரிகிட்ட அஃபிடவிட், ஸ்க்ரீன்ஷாட், மெயில் பிரிண்ட், ரெண்டு பில், தபால் கார்டு, எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்கி வெச்சேன். கேட்டது, விலை வித்தியாசம் 7,801, மன உளைச்சலுக்கு 15,000, கேஸ் செலவு 5,000.

கம்பெனி பதில்ல ரெண்டு விஷயம் சொன்னாங்க. நாங்க விக்கிறவங்களுக்கு இடம் குடுக்கிற வெறும் சந்தை, தப்பு விற்பனையாளரோடதுன்னு ஒண்ணு. இன்னொண்ணுதான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு: இவங்க மாவு விக்கிறவங்க, வியாபாரத்துக்கு வாங்கினது, அதனால நுகர்வோரே இல்லையாம். மாவு போட முடியாம நஷ்டம் ஆச்சுன்னு நானே புகார்ல எழுதியிருந்தேன், அதையே பிடிச்சுக்கிட்டாங்க. ராத்திரி முழுக்க சட்டத்தைப் புரட்டினேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2(7) பிரிவோட விளக்கத்துலயே இருக்கு, சுயதொழில் செஞ்சு பொழைக்கிறதுக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துற பொருள் வணிக நோக்கம் ஆகாது. அம்மா ஒருத்தர்தான் ஆட்டுறாங்க, ஆள் கிடையாது, கடை கிடையாதுன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுத்தேன்.

விசாரணை அன்னிக்கு ஆணையத்துல கேட்ட கேள்வி இன்னும் காதுல இருக்கு. "இவ்ளோ கம்மியா இருக்கே, இது தப்பா இருக்கும்னு உங்களுக்குத் தோணலையாம்மா?" கை நடுங்கிட்டே அந்த ஸ்க்ரீன்ஷாட் பிரிண்டை நீட்டினேன். அதே ஸ்க்ரீன்ல கீழ வேற மூணு கிரைண்டர் 45%, 48%, 50% தள்ளுபடின்னு இருந்துச்சு. "தோணலைங்க சார், ஆடித் தள்ளுபடின்னுதான் நினைச்சேன், அவங்களே 53%ன்னு கணக்குப் போட்டு காட்டியிருக்காங்க, நான் ஒண்ணே ஒண்ணுதான் வாங்கினேன்"னேன். எதிர்த்தரப்பு வக்கீல்கிட்ட "தள்ளுபடி சதவீதமும் தப்பா வந்ததுதானா?"ன்னு கேட்டாங்க, அவர் டைம் வாங்கிக்கிட்டார்.

அடுத்த வாய்தாவுக்கு முன்னாடியே அந்த வக்கீல் போன் பண்ணி சமரசம் பேசினார். முதல்ல 5,000ன்னார். விலை வித்தியாசத்துல ஒரு ரூபா குறைக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். கடைசில 7,801ம் அதுக்கு மேல 7,000மும்னு ஒத்துக்கிட்டு, அதை மெமோவா எழுதிக் குடுத்து ஆணையத்துல பதிவாச்சு. 2024 ஆகஸ்ட்ல 14,801 ரூபாய் அக்கவுண்டுக்கு வந்துச்சு. 16,800க்கு வாங்கின கடனை அம்மா அன்னிக்கே அடைச்சுட்டாங்க, மீதிக்கு ரெண்டாயிரம் நான் போட்டேன்.

யாருக்காவது இப்படி கேன்சல் ஆகியிருந்தா, அந்தப் பக்கம் மாறுறதுக்குள்ள தேதி, நேரம், அடிச்ச விலை, தள்ளுபடி எல்லாம் தெரியுற மாதிரி முழு ஸ்க்ரீனையும் எடுத்து வெச்சுக்கோங்க. என் புகார் மனுவோட மாதிரி வேணும்னா சொல்லுங்க, பேர் அட்ரஸ் எடுத்துட்டு அனுப்புறேன்.